நெடில்

கொத்கா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறாள் தூலிக்கி.
இரண்டு டன் காகித உருளைகளைப்
பகலெல்லாம் கப்பல் வயிற்றில் இறக்கிவிட்டு
மாலை ஆறுக்குத் தானும் இறங்குகிறாள்,
குடியிருப்பின் அடித்தளத்துக்கு.

எந்தப் போருக்கோ கட்டிவைத்த பதுங்கறை.
கையகல இரும்புக் கதவு.
உள்ளே பனிச்சறுக்குக் கட்டைகள்,
யாருடையதோ குழந்தைவண்டி,
ஒரு வால்வு ஆம்ப்.

சுவிட்சைத் தட்டியதும் பாடிவிடாது.
முதலில் இழை சிவக்க வேண்டும்.
கையுறையைக் கழற்றாமல் காத்திருக்கிறாள்.
கண்ணாடிக் குப்பிகளுக்குள்
யாரோ ஊதிவிட்ட கரி போல
மெல்ல ஒரு செம்மை.

வேண்டியது ஒரே ஒரு சுரம்.
இரண்டாம் தந்தி, எட்டாம் கட்டு.
தொட்டதும் பிறக்க வேண்டும்,
சொல்லாமல் சாகக் கூடாது.

பெடல்கள் வாங்கிப் பார்த்தாள்.
நீண்டது, உண்மைதான்;
எண்ணெயில் விழுந்த அப்பளம் மாதிரி
பொரிந்துகொண்டே நீண்டது.
விற்றுவிட்டாள்.
கெய்னை நாலுக்குக் குறைத்து
மாஸ்டரை எட்டுக்குத் திருகி
பின்வரிசை வால்வுகளை வியர்க்கவிட்டாள்.
அப்புறம்தான் ஸ்பீக்கர் காற்றைத் தள்ளியது,
காற்று தந்தியைத் தள்ளியது,
தந்தி மறுபடி ஸ்பீக்கரை.
கடன் கொடுத்தவனே
கைமாற்றுக் கேட்டு வருகிற கணக்கு.

எல்லா இடத்திலும் நடக்காது.
ஆம்ப்பிலிருந்து மூன்றடி, கொஞ்சம் இடப்பக்கம்,
தரையில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.
அதன்மேல் நின்றால் சுரம் நிற்கும்.
அரையடி நகர்ந்தால் அறுந்து விழும்.
இடக்கை விரல்நுனியை அசைத்தபடி இருக்க வேண்டும்,
தூங்கி விழுகிறவனைத் தோள்தொட்டு உலுக்குவதுபோல.
பத்தாவது வினாடி வாக்கில்
மேல்ஸ்தாயிக்குத் தானாகவே ஏறிக்கொள்ளும்.
அது கை செய்த காரியமில்லை.

இந்த ஊர் எழுத்தில்
நெடிலுக்குத் தனி உருவம் கிடையாது.
குறிலை எழுதி, பக்கத்திலேயே
அதே குறிலை இன்னொரு முறை எழுதுகிறார்கள்.
அவள் பெயரில்கூட இரண்டு உகரங்கள்
தோளுரசி நிற்கின்றன,
நம் அளபெடையில் ஓர் எழுத்து
துணைக்கு வந்து நிற்குமே, அப்படி.
தந்தி செய்வதும் அதுதான்.
இப்போது சொன்னதை இப்போதே
திரும்பச் சொல்லிக்கொண்டிருப்பது.

மார்ச் மாதம் ஒரு திங்கள் இரவு
படிக்கட்டில் எதிர்ப்பட்டான் மூன்றாம் மாடி ஒஸ்மோ.
ரொட்டி வண்டி ஓட்டுகிறவன்,
விடிகாலை மூன்றுக்கு எழுகிறவன்.
"கீழே நீங்களா?" என்றான்.
"ஆமாம்" என்றாள்.
இந்தக் கட்டடத்தில் அதுவே நீண்ட பேச்சு.

கான்கிரீட் தடுத்ததை
வெந்நீர்க் குழாய் மாடிவரை சுமந்திருக்கிறது.
மறுநாள் மாஸ்டரை ஆறில் வைத்தாள்.
அதற்கு மறுநாள் ஐந்து.
சுரம் எழுந்தது, சுற்றிப் பார்த்தது, உட்கார்ந்துவிட்டது.
வால்வு பழசாகிவிட்டது என்று
தனக்கே ஒரு பொய் சொல்லிக்கொண்டாள்.

வியாழன் மாலை இரும்புக் கதவில்
பேக்கரி ரசீது ஒன்று ஒட்டியிருந்தது.
பின்பக்கம் பென்சில் எழுத்து:

திங்கள் பதினான்கு வினாடி.
செவ்வாய் ஒன்பது.
புதன் ஆறு.
என்ன ஆயிற்று?

இரண்டு முறை படித்தாள்.
குழாயில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு
இருட்டில் ஒருத்தன் எண்ணிக்கொண்டு கிடந்திருக்கிறான்.
எத்தனை மாதமாகவோ.
ரசீதின் முன்பக்கத்தில்
கம்பு ரொட்டி நாற்பது, இலவங்கப்பட்டை பன் அறுபது.

இழை சிவக்கும்வரை நிற்க முடியவில்லை அன்று.
குமிழைத் திருகினாள்.
எட்டு. போகட்டும், எட்டரை.
குறியின்மேல் குதிகாலை அழுத்தி நின்று
ஒரே தட்டு.
குழந்தைவண்டியின் சக்கரம் கிடுகிடுத்தது.
சறுக்குக் கட்டைகள் சுவரில் வழுக்கிச் சரிந்தன.
சுரம் அவளைக் கேட்காமலே ஏறியது,
ஏறிய இடத்தில் நின்றது.

அன்றைக்கு எத்தனை வினாடி
என்று அவளுக்குத் தெரியாது.
நாளைக்குக் கதவில் பார்த்துக்கொள்ளலாம்.